கல்யாண வீட்டுக் குப்பைக் கணக்கு

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் பெரியோர். அந்தப் பயிரை நட்ட மறுநாள் காலையில், எங்கள் கொரட்டூரில் ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலைக் கடந்து பள்ளிக்கு வருவோர் கண்ணில் வேறோர் அறுவடையும் படும். எச்சில் இலை, கொட்டிய சோறு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், தெர்மோகோலில் வெட்டிய மணமக்கள் பெயர், வாடிய ரோஜா யாவும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும். மாடு ஒன்று அதில் வாய்வைத்துக் கொண்டிருக்கும். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் அந்தக் குழம்புக்குள் கையை விட்டுப் பாட்டில்களைத் தனியே எடுத்துக் கோணியில் போடுவார். முந்தைய இரவு அங்கே சாப்பிட்டவர்களில் நாங்களும் இருந்திருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர். எங்களில் ஒருத்தியின் அக்காவுக்கு வருகிற வைகாசியில் திருமணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அந்த அக்கா ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, "என் கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அந்தக் குப்பையை யாரும் கைவிட்டு அள்ளக் கூடாது. அறிவியல் படிக்கிறீங்களே, என்ன செய்யணும்னு ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கடி" என்றார். விளையாட்டாய்த் தொடங்கினோம். அறிவியல் ஆசிரியை சிஸ்டர் சில விவரங்களைத் தேட உதவினார். இரண்டு மாதத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது இதுதான்: கல்யாணக் குப்பை கல்யாணத்தன்று உண்டாவதில்லை. சமையல்காரரிடமும் மண்டபத்திலும் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அது உண்டாகிவிடுகிறது. அன்று தாளில் ஏறாத ஒன்றை முகூர்த்தத்தன்று ஓடியாடிச் சரிசெய்ய எவராலும் முடியாது. கோயிலில் தாலி கட்டினாலும், ஆலயத்தில் மோதிரம் மாற்றினாலும், பந்தி என்னவோ ஒன்றுதான்.

முதலில் தண்ணீர் பாட்டில். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடப்புக்கு வந்தது. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல், கைப்பை, தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆயின் சிறிய தண்ணீர் பாட்டில் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே இலைக்கொரு பாட்டில் வைப்பது மண்டபங்களில் வழக்கமாகிவிட்டது. 300 மில்லி பாட்டில் 500 வைத்தால் மொத்தத் தண்ணீர் எவ்வளவு? 150 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் எட்டுக்கூட வேண்டாம்! எட்டுக் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுக்க ஆளில்லாமல் 500 பாட்டிலும் 500 மூடியும் வாங்குகிறோம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது வகுப்பே சிரித்தது.

அதற்கு மாற்று எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும்தான். இதிலும் ஓர் ஆட்சேபம் உண்டு. அதை நாங்கள் ஒளிக்க விரும்பவில்லை. டம்ளர் கழுவத் தண்ணீர் வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை எங்கள் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். எனவே டம்ளரின் எண்ணிக்கையையும் கழுவும் முறையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். ஒரு பந்தியில் 120 பேர் அமர்வதானால் 360 டம்ளர் போதும். 120 பந்தியில் இருக்கும், 120 கழுவுமிடத்தில் இருக்கும், 120 காய்ந்துகொண்டிருக்கும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், சோப்புக் கலந்த வெந்நீர் ஓர் அண்டா, அலச ஓர் அண்டா, கடைசியில் கொதிநீர் ஓர் அண்டா என்று மூன்றில் முக்கி எடுத்தால் தண்ணீர் மிச்சமாகும்; சுத்தத்துக்கும் குறைவில்லை. டம்ளர்கள் சாமியானா, நாற்காலி தருகிற வாடகைப் பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். பேப்பர் கப் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், ஒரு தோல் தனியே உரிந்து வரும். அந்தக் கப்பும் 2019 பட்டியலில் உள்ளதே.

இந்த வழி எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பன்று. அண்டை மாநிலமான கேரளத்தில் 2015-ஆம் ஆண்டு 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, சுசித்வ மிஷன் என்ற அரசு அமைப்பு பசுமை நெறிமுறை ஒன்றை வகுத்தது. எறியும் தட்டையும் டம்ளரையும் தவிர்த்து, கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களை வைத்தார்கள். பின்னர் அதே நெறி அங்குத் திருமணங்களுக்கும் பரவியது. ஆயிரக்கணக்கில் ஆள் கூடும் விளையாட்டுப் போட்டிக்கே கைகூடியது ஒரு தெருக் கல்யாணத்துக்குக் கைகூடாதா? நம் மாநிலத்திலும் நீலகிரியில் 2000-ஆம் ஆண்டுவாக்கிலேயே, சுப்ரியா சாகு அவர்கள் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தபோது, பிளாஸ்டிக் பைக்கு எதிரான இயக்கம் தொடங்கிவிட்டது.

இலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழுவ வேண்டாத, மட்கிப்போகிற தட்டு நம்மிடம் முன்பே இருக்கிறது. கெடுதல் இலையில் இல்லை, இலைக்கு அடியில் இருக்கிறது. மேஜைமேல் உருட்டி விரிக்கிற தாளில் பல பிளாஸ்டிக் பூசியவை. சாப்பிட்டதும் இலையோடு சேர்த்து அதைச் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சுருட்டலில்தான் உரமாக வேண்டிய இலை குப்பையாகிறது. அதைத் தின்னும் மாட்டின் வயிற்றிலும் பிளாஸ்டிக் சேர்கிறது. ஆகவே சமையல்காரரிடம் எழுதும் தாளில் 'மேஜைத் தாள் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க ஓர் ஆள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். அவர் முதலில் ஒப்பவில்லை. ஆள் கூலியைத் தனியாகத் தருவதாக அக்கா சொன்ன பிறகே எழுதினார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு; பந்திக்குப் பந்தி பத்து நிமிடத்தில் மேஜையைத் துடைத்து முடிப்பது எளிய வேலையன்று.

இனி வருவது உணவு. எங்கள் பட்டியலில் பெரிய பங்கு இதற்குத்தான். பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியும். சோறு மட்கிவிடும் என்று எண்ணி நாம் மன்னித்துவிடுகிறோம். ஆனால் சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடிக் கிடங்குகளில் மலைபோல் குவிந்த குப்பைக்குள் காற்றுப் புகாது. காற்றின்றி அழுகும் சோறு மீத்தேன் என்ற வாயுவாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் வீணான உணவு 105 கோடி டன். அதில் நம் பந்திகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், பங்கே இல்லையென்று சொல்ல நமக்கு வாய் வராது.

கல்யாண வீட்டில் உணவு ஏன் மிஞ்சுகிறது? சமையல்காரர் இலைக் கணக்கில் கூலி பேசுகிறார். "எத்தனை இலை?" என்று அவர் கேட்டதும் பெண்ணின் தகப்பனார் மனத்தில் 400 என்று தோன்றினாலும் வாய் 450 என்கிறது. மாப்பிள்ளை வீட்டார் 150 பேர் என்று எண்ணினாலும் 200 என்கிறார்கள். பற்றாக்குறை என்ற பழி தம்மேல் வராதிருக்கச் சமையல்காரர் இன்னும் ஒரு பங்கு கூட்டுகிறார். மூன்று பேரும் கெட்டவர்கள் அல்லர், மூவருக்கும் பயம். பந்தியில் ஒன்று தீர்ந்துபோய்விட்டால் பெண் வீட்டாருக்குத் தலைகுனிவு என்ற பயம். கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது அந்த வீட்டார்க்கு நேரவிருந்த அவமானத்தை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஆக, இந்தப் பயத்துக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு!

பயத்தை அதட்டிப் போக்க முடியாது, கணக்கால் குறைக்கலாம். நம் வழக்கத்தில் வருவீர்களா என்று அழைப்பிதழில் கேட்பது மரியாதையாகாது. தோழியின் அம்மா ஒரு பெரியப்பாவிடம் தொலைபேசியில், "எத்தனை பேர் வருவீங்க?" என்று நேராய்க் கேட்டுவிட, "சோத்துக்குக் கணக்குப் பாக்கறியாம்மா?" என்று அவர் வருந்திவிட்டார். அதன்பின் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். "ஸ்டேஷன்லேர்ந்து வேன் ஏற்பாடு பண்றோம் பெரியப்பா, உங்க வீட்லேர்ந்து எத்தனை பேருக்கு இடம் போடட்டும்? ராத்திரி வரவேற்புக்கா, காலை முகூர்த்தத்துக்கா?" என்று கேட்டால் யாரும் கோபிக்கவில்லை. வேனும் உண்மையாகவே ஏற்பாடாகிவிட்டது. ஆளுக்கொரு ஆட்டோ வராமல் புகையும் குறையும். இப்படிக் கேட்டுக் கேட்டு, 600 என்று தொடங்கிய இரவுக் கணக்கு 420-இல் வந்து நின்றது. 2020-இல் கொரோனாக் கட்டுப்பாட்டின்போது 50 பேரோடு நடந்த திருமணங்களையும் எங்கள் தெரு பார்த்திருக்கிறது. அந்த மணமக்களும் நன்றாகவே இருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். அதற்குப் பாட்டி பதில் சொல்லவில்லை.

சமையலிலும் நுட்பம் இருக்கிறது. சோற்றை ஒரே மூச்சில் வடிக்காமல் பந்திக்குப் பந்தி உலை வைத்தால், கடைசிப் பந்தியின் தலையை எண்ணிவிட்டு அரிசி போடலாம். வடையையும் கேட்கக் கேட்கப் பொரிக்கலாம். குழந்தைகளுக்குச் சிற்றிலை போடலாம். பரிமாறும்போது முதலில் கொஞ்சம் வைத்து, மறுமுறை வந்து விசாரிக்க வேண்டும். முன்பெல்லாம் உறவினரே பரிமாறினார்கள், "இன்னும் கொஞ்சம்?" என்று முகம் பார்த்துக் கேட்டு வைத்தார்கள். இப்போது ஆள் உட்காருமுன்பே இருபது வகையும் இலையில் காத்திருக்கின்றன! அவற்றில் பத்தையாவது தொடாமல் மூடுகிறோம். இலையில் விழுந்தது இனி யாருக்கும் ஆகாது; பாத்திரத்தில் இருப்பதுதான் இன்னொரு வயிற்றுக்கு ஆகும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும், பரிமாறும் முறை தானே மாறும்.

பாத்திரத்தில் மிஞ்சியதை என்ன செய்வது? 2014-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' என்ற தொண்டு அமைப்பினர், திருமண வீடுகளில் மிஞ்சும் நல்ல உணவைப் பெற்றுப் பசித்தவர்களிடம் சேர்க்கிறார்கள், சென்னையிலும் பணிபுரிந்திருக்கிறார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு நினைத்துக்கொண்டு கூப்பிட்டால் எவரும் வந்து சேர்வது கடினம். முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். வந்தவர்களிடம் எது எப்போது சமைத்தது என்றும் சொல்ல வேண்டும். தேங்காய்ச் சட்னி போன்றவை விரைவில் கெடும். கெட்டதைக் கொடுப்பது தருமமாகாது.

சோறு, இலை, காய்கறித் தோல் ஒரு பக்கம். காகிதமும் பாட்டிலும் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் மீதி வேலை எளிது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையையும் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று வகுத்தன. தெருவில் பந்தல் போட்டு விருந்து வைக்கும் எத்தனை வீட்டாருக்கு இது தெரிந்திருக்கும்? எங்களுக்கே தெரியாது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சியோடு எங்கள் கொரட்டூரும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்ததால், நாங்கள் கேட்க வேண்டிய இடம் மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலம்.

பிரிக்காததும் அள்ளாததும் எங்கே போகும் என்பதற்கு எங்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கும் நீர் செல்லும்படி முன்னோர் அமைத்தார்கள். அதே கால்வாய்களில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்ததால் ஏரி கெட்டது. கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று ஊர்மக்களே சேர்ந்து போராடி, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கல்யாணக் குப்பைதான் ஏரியைக் கெடுத்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் மழைக்காலத்தில் வடிகாலை அடைத்துக்கொண்டு தெருவைக் குளமாக்குகிறவற்றுள் நாம் வீசிய பாட்டிலும் பையும் உண்டு. முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிக்கு வருபவர்களும் நாம்தான்.

அலங்காரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். அலங்காரத்துக்கான தெர்மோகோலும், அழைப்பிதழ்மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஈடாக நம்மிடம் வாழைமரம், மாவிலை, குருத்தோலைத் தோரணம், கோயம்பேட்டுச் சாமந்தி, கோலம் எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டுப் பூக்களைப் பச்சை நிறப் பஞ்சுக்கட்டியில் குத்தி வைக்கிறார்களே, அந்தக் கட்டியும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். மரக்கன்று கொடுக்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். நடிகர் விவேக் அவர்களின் 'கிரீன் கலாம்' பணிக்குப் பிறகு இது அழகான வழக்கமாகப் பரவியது. ஆயினும் மாடிக் குடியிருப்பில் இருப்பவர் கையில் வேங்கைக் கன்றைக் கொடுத்தால் அது பால்கனியிலேயே காய்ந்துபோகும். இடமுள்ளவர்களை முன்னதாகக் கேட்டு நாற்பது கன்று கொடுப்பது, கேட்காமல் நானூறு கொடுப்பதைவிட மேல் என்பது எங்கள் கருத்து.

பேனர் விஷயத்தில்தான் வீட்டில் பெரிய சண்டை வந்தது. தோழியின் அண்ணனுடைய நண்பர்கள், ஸ்டேஷன் அருகே இருபது அடி பேனர் வைக்கப் பணமும் சேர்த்துவிட்டார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்து ஒன்றைச் சொன்னார். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் காற்றில் விழுந்தது. இருசக்கர வண்டியில் வந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் நிலைதடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிரிழந்தார். "நானும் தினம் வண்டியிலதான் வேலைக்குப் போறேன். என் பேரைப் போட்ட துணி இன்னொரு பொண்ணு மேல விழக் கூடாது" என்றார் அக்கா. அண்ணன்மார் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பணத்தில்தான் இப்போது ஸ்டேஷன் வேன் ஓடப்போகிறது.

தாம்பூலப் பையில் நாங்களே ஏமாந்தோம். துணிப்பை என்று கடையில் காட்டிய மாதிரி, தொட்டுப் பார்த்தால் துணி போலவே இருந்தது. சிஸ்டரிடம் காட்டினோம். ஆய்வுக்கூடத்தில் இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்துச் சுடரில் காட்டினார். சாம்பலாகாமல் உருகிச் சொட்டியது. இழையை நெய்யாமல் அழுத்திச் செய்த பிளாஸ்டிக் பை அது. அதுவும் 2019 தடைப் பட்டியலில் இருக்கிறது. இனிப் பருத்திப் பைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, அதுவரை எங்கள் பட்டியலைப் பார்த்து, "தண்ணி பாட்டில்கூட வெக்கலைன்னு நாளைக்குப் பேசுவாங்கடி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டி, பரண்மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பாட்டியின் பெயரும் தாத்தாவின் பெயரும் மங்கலாகத் தெரிந்தன. முதலமைச்சர் 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது செய்தித்தாளில் பார்த்த அதே பை! "இதுல காய் வாங்காத வாரமே கெடையாது, இருபது வருஷம்" என்றார் பாட்டி. இப்போது அளவு பார்த்து 450 பைகள் தைக்கக் கொடுத்திருக்கிறோம். பாட்டி காதைப் பிடித்து இழுத்துப் பார்த்துத் தையலைச் சோதிக்கிறார்.

சமையல் ஒப்பந்தம் சென்ற வாரம் கையெழுத்தாயிற்று. நாங்கள் எழுதிய ஒன்பது வரியில் ஏழு ஏறின. ஐஸ்கிரீமுக்குக் கப் இல்லாமல் முடியாது என்று சமையல்காரர் கைவிரித்தார். அதற்குப் பதிலாகப் பாயசம் என்று தோழியின் அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கும் அறையில் மட்டும் இரண்டு டஜன் தண்ணீர் பாட்டில் வைத்தே ஆகவேண்டும் என்று பாட்டி நிற்கிறார். எங்களால் அதை ஒரு டஜனாகக்கூடக் குறைக்க முடியவில்லை. காலிப் பாட்டில் இருபத்து நான்கையும் மூடியோடு எண்ணித் திரும்ப எடுத்து வரும் பொறுப்பு எங்கள் நால்வருடையது.